இத்தா அறைக்குப் பெண் மீன்கள்

போன வாரத் தொடர்கதையில் இரண்டு தங்கமீன்களைச் சாகடித்ததற்காக எனக்கு வந்திருக்கும் ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஹுஸைன் மௌத்தாகி அடக்கமானபோது பேசாமல் இருந்தவர்கள்கூட மீன் செத்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பெண் இருக்கிற இருப்புக்கு அதுகளையாவது உயிரோடு விட்டிருக்கக் கூடாதா என்று ஒரு வாசகி கேட்கிறார். என் கையில் என்ன இருக்கிறது? கொழும்பு மீன் தை மாதத்துக் கண்டிக் குளிரில் செத்துப்போயிற்று என்று வீட்டார் சொன்னார்கள், நானும் எழுதினேன். அது குளிரால் வந்த சாவில்லை என்பது இந்த வாரந்தான் தெரிகிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கண்டிக் கட்டுக்கலையில் ஒரு வீடு. 1934 கடைசியில் மழை பொய்த்து, மகாவலி குட்டை குட்டையாய்த் தேங்கி, ஊரெல்லாம் மலேரியா பரவியதல்லவா, அந்தக் காய்ச்சலில் அந்த வீட்டு ஹுஸைன் போய்விட்டான். பல்லேகலப் பக்கம் கொக்கோ வாங்கப் போனவன் நடுக்கத்தோடு திரும்பினான். ஒரு வாரங்கூடத் தாங்கவில்லை.

அவன் மனைவி ஹபீலா பின்னறையில் இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற முறை அது. வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும் கணக்கு வேறு. பிள்ளை பிறக்கிற வரைக்கும் இருக்க வேண்டும். அதனால் முதல் நாளே கேட்டுவிடுவார்கள். ஹபீலாவிடமும் கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. நிக்காஹ் நாளில் பெண் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற சனங்கள் இந்த மௌனத்தை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவள் பேசவேயில்லை. தொழும்போது உதடு அசையும், அவ்வளவுதான். தின்பதும் வயிற்றில் தங்குவதில்லை. துக்கம் அப்படித்தான் செய்யும் என்றார்கள்.

வீட்டை நடத்துகிறவள் ஹுஸைனின் அக்கா றலியா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தானும் இளம் வயதில் இத்தா இருந்து எழுந்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். இன்னொருவன் மர்சூக், ஹபீலாவின் நானா, கூடப்பிறந்த அண்ணன். டவுனில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்துக்கொண்டு, கடைக்கு மேலேயே ஒற்றையாளாய்ப் படுத்துக்கிடக்கிறவன். ஒரு மீன்தொட்டி செய்து தா என்று ஹுஸைன் உயிரோடிருந்தபோது அவனை அரித்துக்கொண்டே இருந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று மர்சூக் தட்டிக்கழித்தான். மௌத்துக்குப் பிறகு செய்து கொண்டுவந்து, தங்கச்சியின் கட்டிலுக்கு எதிரே வைத்தான். அந்தத் தொட்டியில்தான் தங்கமீன்கள் செத்தன. செத்த அன்று ஹபீலா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இனி இந்த வாரத்துக் கதை. எல்லாம் ஒரு புதன்கிழமைக்குள் நடந்து முடிந்தது.

*

காலையில் மர்சூக் தொட்டியைக் கழுவ வந்தான். அடியில் பரப்பியிருந்த கல்லைக் கையால் அள்ளினான். கல்லோடு சேர்ந்து ஊறிப்போன சோறு வந்தது. ஒரு பிடி, இரண்டு பிடி. புளித்த நாற்றம். கீழே மீன்முள் ஒன்றும், கரைந்துபோன ரொட்டித் துண்டும் கிடந்தன.

அவன் திரும்பிப் பார்த்தான். ஹபீலா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

பிள்ளை இப்போதெல்லாம் கோப்பையை வழித்துத் தின்கிறாள் என்று றலியா இரண்டு நாளைக்கு முன்புதான் சந்தோஷமாய்ச் சொல்லியிருந்தாள். அந்தச் சோறெல்லாம் எங்கே போயிருக்கிறது என்று மர்சூக்குக்கு இப்போது விளங்கியது. சோற்றைப் பழைய துணியில் சுருட்டிக் கொல்லைப்புறத்தில் புதைத்தான். றலியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டத் தொடங்குவாள், இவள் இன்னும் உள்ளே போய்விடுவாள்.

அடுப்படிக் குசினி வாசலில் றலியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். மறுபடி மீனா என்று கேட்டாள். ஆம் என்றான். இந்த முறை சாகாத மீனாகக் கொண்டு வருவதாகச் சொன்னான்.

"கொண்டு வா. ஆனா ஆம்புள மீன் வேணாம்," என்றாள் றலியா.

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். அடுத்த வீட்டு மஸீனா சொன்னாளாம், இத்தா அறைக்குள் ஆண் சீவன் எதுவும் இருக்கக் கூடாது, அந்தத் தங்கமீன்களில் எது ஆண் எது பெண் என்று யார் பார்த்தது, அதனால்தான் செத்தன என்று. அப்படி ஒன்றும் மார்க்கக் கிதாபில் இல்லையே என்று மர்சூக் மெல்ல இழுத்தான். பள்ளிவாசல் லெப்பையிடமும் ஆள் விட்டுக் கேட்டாயிற்று, அவரும் இல்லை என்றுதான் சொன்னார் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"லெப்பை இத்தா இருந்ததில்ல. நான் இருந்தீக்கேன்," என்றாள்.

அதற்குமேல் யார் பேச? அவள் இன்னொன்றும் சொன்னாள். ஸெய்னுலாப்தீன் இன்றைக்குப் பின்னேரம் வருவார், வத்தேகமக் கடைச் சாவியைக் கொடுக்கப்போகிறேன் என்றாள். ஸெய்னுலாப்தீன் ஹுஸைனின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. வத்தேகமச் சந்தையடியில் ஹுஸைன் நடத்திய கடை மௌத்திலிருந்து பூட்டிக்கிடக்கிறது. பிள்ளையில்லாமல் போனவனுடைய கடை, பூட்டிவைத்து என்ன செய்ய என்று றலியா கேட்டாள். இத்தா முடிந்ததும் ஹபீலாவை மர்சூக்தான் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. எதைக் கண்டாலும் தம்பி ஞாபகம் வருகிறது, இந்த வீட்டையே மூடிவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

மர்சூக் ஒரு ஜாம் போத்தலை எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தான். குளிர் இன்னும் விட்டபாடில்லை. வழிநெடுக அவனுக்கு ஒரே நினைப்பு. இந்த முறையும் மீன் செத்தால் அவளை யாரும் மீட்க முடியாது.

*

இராமையா நகரசபைச் சுகாதாரப் பகுதியில் கிளார்க். மீன் பைத்தியம். அவர் வேலை பார்க்கிற கந்தோருக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகளில், மலேரியாவைப் பரப்புகிற நுளம்புக் குஞ்சைத் தின்கிற சின்ன மீன்களை வளர்த்து, வீட்டுக் கிணறுகளில் விடச்சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை இராமையா தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹுஸைனின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்திருந்தவர்தான். மர்சூக்கைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். அவனுக்கு உட்காரப் பொறுமையில்லை. சின்னத் தொட்டி, சூடாக்க வழியில்லை, எந்த மீன் பிழைக்கும் என்று கேட்டான்.

"என்னையக் கேக்கிறீங்களே, நான் கொல்லாத மீனே இல்லைங்க," என்றார் இராமையா.

வத்தேகமத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் படத்துக்குக் கண்ணாடி போடப் போனபோது சிவப்புக் கோடு போட்ட மீன்களைப் பார்த்ததாக மர்சூக் சொன்னான். ஹுஸைனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டி கேட்டான். இராமையா தலையை ஆட்டினார். அந்தத் தொட்டிக்குக் கீழே இரவும் பகலும் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது, அதைப் பார்க்கவே ஓர் ஆள் நிற்கிறான், விளக்கு ஓர் இரவு அணைந்தால் காலையில் எல்லாம் மிதக்கும் என்றார். பூட்டிய அறையில் படுத்திருக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் புகையை வைக்க மர்சூக்குக்கு மனமில்லை.

அப்படியானால் ஓடை மீன்? பிடித்த அன்றைக்கு அழகாக இருக்கும் என்றார் இராமையா. ஓடுகிற தண்ணீருக்குப் பழகியது, கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்துப் புண்ணாகிச் சாகும், இல்லையென்றால் குதித்து வெளியே விழும். பனையேறிக் கெண்டை எதற்கும் சாகாது, ஆனால் ஊர்ந்து வெளியே வந்து குசினி வரைக்கும் போய்விடும். அவர் வீட்டிலேயே ஒன்று அப்படிப் போய், சம்சாரம் விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள்.

"தங்கமீனுக்குக் குளிர் ஒன்னும் செய்யாதுங்க. குளிர்ல செத்ததுன்னு யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். பெரிய தொட்டி வேண்டும் அதற்கு, சின்னத் தொட்டியில் அதன் அழுக்கே அதைக் கொல்லும் என்றார். பிறகு சட்டென்று, "சோறு போட்டாங்களா?" என்றார்.

மர்சூக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இராமையா சீமெந்துத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். இந்தக் கப்பி மீன்தான் உங்களுக்குச் சரி என்றார். கண்டிக் குளிரைப் பொறுக்கும், அழுக்குத் தண்ணீரையும் பொறுக்கும், ஒரு நாள் மறந்துபோனாலும் பட்டினி கிடந்து பிழைக்கும். வாலில் நிறம் நிறமாய் இருப்பது ஆண், சாம்பலாய்ப் பெரிதாய் இருப்பது பெண். ஆணில் கொஞ்சம் கூடுதலாய்ப் பிடித்துக் கொடுத்தால் பார்வைக்கு அழகாயிருக்கும் என்று வலையை எடுத்தார்.

"பொம்புள மட்டும் போதும்," என்றான் மர்சூக்.

இராமையா வலையைப் பிடித்தபடி நின்றார்.

"பொம்பளை மட்டும்னா... மர்சூக் தம்பி, அதுல ஒரு விசயம் இருக்கு, இந்த மீனு வந்து..."

"இத்தா வீடு," என்றான் மர்சூக். முகம் சிவந்துவிட்டது அவனுக்கு.

இராமையா வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர். மௌத்து விழுந்த வீட்டுப் பெண்ணின் அறைக்கு எடுத்துச் சொல்லக்கூடிய சங்கதியாக அது அவருக்குப் படவில்லை. அந்த மரியாதைதான் பின்னால் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

மர்சூக் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து விரலால் காட்டினான். மெலிந்தது வேண்டாம், நல்ல கொழுத்ததாகப் பார்த்துப் பிடிக்கச் சொன்னான். காலையில் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்த கண்ணுக்கு, வயிறு பெருத்த மீனெல்லாம் பலமுள்ள மீனாகத் தெரிந்தது. இராமையா அப்படியே பிடித்துப் போத்தலில் போட்டார். போத்தலோடு கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க வைத்து, சூடு சமமான பிறகு திறந்துவிடச் சொன்னார். இரண்டு கொத்துப் பாசியும் கொடுத்தார்.

*

றலியா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் நிறமில்லை. திருப்தியாகத் தலையாட்டினாள். எங்கே வாங்கியது என்று கேட்டாள். மர்சூக் யோசிக்காமல் உள்ளதைச் சொன்னான். நகரசபையில் கொடுக்கிறார்கள், கிணற்றில் விட்டால் நுளம்புக் குஞ்சைத் தின்னும், காய்ச்சல் வராது என்றான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

றலியா போத்தலை அடுப்படித் திட்டில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தானா குடுக்குறாங்க?" என்றாள்.

தம்பிக்குப் பல்லேகலவில் காய்ச்சல் பிடித்தது, வீட்டுக் கிணற்றில் மீன் இருந்திருந்தாலும் வந்துதான் இருக்கும் என்று மர்சூக் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் அது ஏறவில்லை. ஒரு விரல் நீள மீன், அதுகூட இல்லாமல் என் பிள்ளை போய்விட்டானே என்று முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பின்னறைக்குக் கேட்கக் கூடாதே என்ற பயம் அந்த அழுகையிலும் இருந்தது.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மர்சூக் மீன்களைத் தொட்டியில் விட்டான். ஹபீலா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் சோகை பிடித்த மாதிரி இருந்த அந்த மீன்கள் கொஞ்ச நேரம் அடியில் கிடந்தன, பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவன் தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். கல்லுக்கடியில் சோற்றைப் பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, தின்ன முடியாவிட்டால் ஜன்னலால் கொட்டு, தண்ணீருக்குள் போடாதே என்றான்.

"இதுகளாவது உயிரோட ஈக்கட்டும் ஹபீலா. இன்னொரு மையித்த என்னால தூக்கேலா," என்றான். கேட்ட தொட்டியைத் தான் செய்து கொடுக்குமுன் போய்விட்ட மச்சானை நினைத்து, தங்கச்சி முன்னால் முதல் தடவையாக அழுதான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டுக்கிடந்தன.

*

அஸர் தொழுதுவிட்டு றலியா கஞ்சிக் கோப்பையோடு பின்னறைக்குப் போனாள். ஹபீலா தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலை விட்டு அவள் தானாக இறங்கியதைக் கண்டதே றலியாவுக்குப் பெரிய காரியமாக இருந்தது. தானும் குனிந்து பார்த்தாள்.

பாசிக்குள் தூசு போல என்னவோ இருந்தது. தூசுக்குக் கண் இருந்தது.

புழு விழுந்துவிட்டது என்று நினைத்து அவள் மர்சூக்கைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து பார்த்தான். புழுவில்லை. மீன்குஞ்சுகள். ஒரு பெரிய மீன் பாசி ஓரமாய் நடுங்கிக்கொண்டு நிற்க, அதன் வயிற்றுக்கடியிலிருந்து இன்னொன்று சுருண்டு விழுந்து, நிமிர்ந்து, நீந்திப் போனது.

றலியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆம்புள மீன் வேணாமெண்டு உன்னட்டச் சொன்னேனா இல்லயா?"

அல்லாஹ் அறிய எல்லாம் பெண்தான், இராமையா பார்த்துப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார் என்றான் மர்சூக். அப்படியானால் இது எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. நகரசபைக்காரனை நம்பி இத்தா அறைக்குள் என்னத்தைக் கொண்டுவந்து விட்டாய், ஊர் கேட்டால் என்ன சொல்வேன் என்று அவள் கொட்டத் தொடங்கினாள். ஆண் இல்லாமல் எங்கேயாவது குஞ்சு வருமா என்றாள்.

"இங்க வரக்குள்ளயே சுமந்துட்டு வந்தீக்கி, மதினி."

யாருடைய குரல் என்று இரண்டு பேருக்கும் ஒரு கணம் தெரியவில்லை. பாவிக்காமல் கிடந்து கரகரத்துப்போன குரல்.

ஹபீலா கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"என்னப் போல," என்றாள்.

மர்சூக் வாசலைப் பிடித்துக்கொண்டான். றலியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசியில் றலியாதான் பேசினாள். முதல் நாளே கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேள்வியில் கோபமில்லை, பயந்தான் இருந்தது. ஹபீலா கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னாள். போன வருஷம் வயிற்றில் தங்கியபோது மதினி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். மூன்றாம் மாதம் அது கலைந்துபோயிற்று. கொடுத்த வீடெல்லாம் வந்து துக்கம் கேட்டார்கள். அதனால் இந்த முறை நிச்சயமாகும் வரைக்கும் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. பிறகு சொல்லப் பயம். இருந்த ஒன்று போய்விட்டது, சொன்னால் இதுவும் போய்விடும் என்று பயம். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது, அதை மறைக்கத்தான் சோற்றைத் தொட்டியில் போட்டாள். மீன்கள் செத்ததும், என் கை பட்டதெல்லாம் சாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

றலியா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கி, தொடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றாள்.

"கடசி நாள் காதுல சொன்னேன்." என்றாள் ஹபீலா. "நடுக்கம் நிண்டீந்திச்சு அப்ப. கேட்டாரோ கேக்கலயோ தெரியா மதினி."

றலியா வாய்விட்டு அழுதாள். பின்னறைக்குக் கேட்கும் என்று இனிப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த அழுகைக்கு நடுவில் ஹபீலா எழுந்து நின்றாள்.

"மதினி, தின்னுது!"

குஞ்சு போட்ட மீனே திரும்பி, பாசியிலிருந்து வெளியே வந்த ஒரு குஞ்சை விழுங்கிவிட்டது. பக்கத்து மீனும் மோப்பம் பிடித்து வந்தது. இராமையா சொல்ல வாயெடுத்ததில் இதுவும் இருந்திருக்கும். றலியா முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியடியில் கிடந்த ஜாம் போத்தலை எடுத்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். பிடிபட்டது ஒன்று. இன்னொன்று விரலிடுக்கால் நழுவியது. இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் போகுது என்று ஹபீலா கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். றலியாவின் முந்தானை முடிச்சில் இருந்த வத்தேகமக் கடைச் சாவி தொட்டியில் தட்டித் தட்டி ஓசையிட்டது.

முன்மண்டபத்தில் ஓர் இருமல் கேட்டது. ஸெய்னுலாப்தீன். இத்தா வீடு என்று அதற்கு மேல் உள்ளே வராமல் நின்று, மறுபடி இருமினார். சாவிக்கு வந்திருப்பதாக ஸலாத்தோடு சேர்த்துச் சொன்னார். பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்கு முன்னால் போக வேண்டுமாம், வத்தேகமவில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறதாம்.

என்ன சொல்ல என்று மர்சூக் றலியாவைப் பார்த்தான். அவள் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்டும் சொல்லாத," என்றாள். "இன்னும் மூணு குஞ்சு ஈக்கிது."

மர்சூக் வாசல் திரைக்குப் பின்னால் போய், ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

கொஞ்ச நேரம் பொறுத்து, முன்மண்டபத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஸெய்னுலாப்தீன் உட்கார்ந்துவிட்டார்.